கல்விக்கடனும் உதவித்தொகையும்: எதை முதலில் கேட்பது?

வேலூர் பக்கத்தில் வட்டியை மாதக் கணக்கில்தான் பேசுவோம். ‘நூத்துக்கு ரெண்டு’, ‘நூத்துக்கு மூணு’ என்றால் மாதம் நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய். வங்கி பேசுவது வருடக் கணக்கு: பத்து சதவீதம், பத்தரை சதவீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காததால் ‘ரெண்டு வட்டி’ குறைவாகவும் ‘பத்து பர்சென்ட்’ பயமாகவும் காதில் விழுகிறது. இரண்டு வட்டி என்பது வருடத்துக்கு 24 சதவீதம். மூன்று வட்டி 36. வங்கியின் பத்து சதவீதத்தை நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மாதம் நூற்றுக்கு 83 பைசா. ஒரு ரூபாய் வட்டிகூட இல்லை.

இருந்தும் ஒவ்வொரு ஜூன், ஜூலையிலும் நடப்பது வேறு. குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ ஆற்காட்டிலோ பிள்ளைக்குக் காலேஜில் இடம் கிடைத்ததும் முதல் நடை அடகுக் கடைக்கு. அதற்கும் மேல் தேவைப்பட்டால் ஃபைனான்ஸ்காரர். வங்கி நினைவுக்கு வரும்போது பாதி ஃபீஸ் கட்டியாகிவிடும். அரசு கொடுக்கும் உதவித்தொகை பற்றித் தெரியவரும்போது முதல் வருடமே முடிந்திருக்கும். “பேங்குல வாங்கினா வூட்டை எழுதிக்கினு பூடுவாங்க நைனா” என்று சொல்லும் பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதே பெரியவர் மூன்று வட்டிக்கு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்.

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம், அதாவது உதவித்தொகை. அடுத்து, கல்லூரி உங்களிடம் வாங்காமலே விடும் பணம், அதாவது கட்டணச் சலுகை. இரண்டும் போக மீதி இருக்கும் தொகைக்கு மட்டும் வங்கிக் கடன். ஃபைனான்ஸ்காரருக்கு இந்த வரிசையில் இடமே இல்லை.

காலேஜைப் பொறுத்தே தேவை

உதவி தேடும் முன் எவ்வளவு தேவை என்று பாருங்கள். ஓட்டேரியில் இருக்கும் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ., பி.எஸ்சி. படிக்க வங்கிக் கடன் தேவையே இல்லை. அரசு கலைக் கல்லூரிகளில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. தேர்வு, சிறப்புக் கட்டணம் என்று சிறு தொகைதான். பஸ்ஸும் சாப்பாடும்தான் செலவு. பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியும் அரசுடையது. இன்ஜினியரிங்தான் வேண்டும், கட் ஆஃப் இடம் கொடுக்கிறது என்றால் அதைத் தாண்டிக் கடன் தேடிப் போவதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும்.

ஊரிசு, ஆக்சிலியம், டி.கே.எம்., மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம், வாணியம்பாடி இஸ்லாமியா போன்ற கல்லூரிகளில் ஒரே வளாகத்துக்குள் அரசு உதவி பெறும் பாடப்பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். ஒரே பி.காம்., ஒரே கட்டடம், இரண்டு விதமான ஃபீஸ். விண்ணப்பம் வாங்கும்போதே ‘எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா’ என்று கேட்டுவிடுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

காட்பாடி வி.ஐ.டி. வேறு ரகம். அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். சேர்க்கை அதன் சொந்த நுழைவுத்தேர்வில். தமிழக அரசின் கவுன்சிலிங் வழியாகப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் சலுகைகள் அங்கே பொருந்தாது. ஆனால் அதற்கென்று தனி உதவிகள் உண்டு. கிராமப்புற அரசுப் பள்ளிகளில் படித்து மாவட்ட அளவில் முதலிடம் வாங்கும் பிள்ளைகளுக்கு ‘ஸ்டார்ஸ்’ திட்டத்தில் இலவசப் படிப்பு. வி.ஐ.டி. வேந்தர் ஜி. விசுவநாதன் தொடங்கிய ‘அனைவருக்கும் உயர்கல்வி அறக்கட்டளை’ பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கிறது, அவர்கள் வி.ஐ.டி.யில்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பதுதான் கஷ்டம், கட்டணம் மற்ற தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு.

திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம்

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு இன்றைக்குத் தமிழ்நாட்டில் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், செப்டம்பர் 2022-லிருந்து. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், ஆகஸ்ட் 2024-லிருந்து. இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் மாணவர் கணக்குக்கே வரும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. மூன்று வருடப் படிப்பில் 36,000, நான்கு வருடப் படிப்பில் 48,000. வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களும் இதை வாங்கலாம். விண்ணப்பிக்கும் இடம் நீங்கள் சேர்ந்த கல்லூரிதான். பள்ளியில் பிள்ளைக்குக் கொடுத்த எமிஸ் எண் (மாணவர் அடையாள எண்) கையில் இருக்கட்டும்.

அதே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது. 2021-ல் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்தாலும்தான். எட்டாம் வகுப்பில் ‘இங்கிலீஷ் மீடியத்துல போடலாம்’ என்று பக்கத்துத் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், இரண்டு வருடம் கழித்துத் திரும்பி அரசுப் பள்ளிக்கே வந்தாலும் இந்த உரிமை போய்விடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுவதும் அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். இதை மட்டும் ஏழாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் உங்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லி வையுங்கள்.

முதல் பட்டதாரி சலுகை இன்னொன்று. வீட்டில் அதுவரை யாருமே டிகிரி முடிக்கவில்லை என்றால், அரசு கவுன்சிலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு கட்டும். இதற்கு சாதியும் பார்ப்பதில்லை, வருமானமும் பார்ப்பதில்லை. அக்கா தங்கை இருவரும் ஒரே நேரத்தில் படித்தால் ஒருவருக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை. பெங்களூரிலோ சித்தூரிலோ போய்ச் சேர்ந்தாலும் இல்லை.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்ப வருமானம் வருடத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தாலும் நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தை அரசு தருகிறது. 2012-ல் வந்த அரசாணை 92-தான் இதற்கு அடிப்படை. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் நிறைய. மத்திய அரசுத் திட்டம் அவர்களை விட்டுவிடுகிறது, ஆனால் மாநில அரசு தன் செலவில் அவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. ‘நமக்கு வராது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு விண்ணப்பிக்காமல் விடாதீர்கள்.

இதில் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் இந்தப் பணம் கல்லூரிக்கே நேராகப் போகும். இப்போது மத்திய அரசின் பங்கு மாணவர் கணக்குக்கு வருகிறது. ஒருநாள் திடீரென்று கணக்கில் பெரிய தொகை விழும்; வீட்டில் ஏதாவது அவசரம் இருக்கும்; பணம் கரைந்துவிடும். பிறகு கல்லூரி ஹால் டிக்கெட் தரமாட்டேன் என்று நிற்கும். அது கல்லூரிக்குக் கட்ட வேண்டிய ஃபீஸ் பணம் என்று வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் அதே இரண்டரை லட்ச வரம்பில் உதவித்தொகை உண்டு. ப்ளஸ் டூவில் தன் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசின் உதவித்தொகை இளங்கலையில் வருடம் 12,000, முதுகலையில் 20,000. ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ‘பிரகதி’ திட்டத்தில் தொழில்நுட்பப் படிப்பு படிக்கும் பெண்களுக்கு வருடம் 50,000; மாற்றுத்திறனாளிகளுக்கு ‘சக்ஷம்’ திட்டத்தில் அதே தொகை. வருமான வரம்பு எட்டு லட்சம். இவற்றில் மத்திய உதவித்தொகை, பிரகதி, சக்ஷம் மூன்றுக்கும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

பீடி சுற்றும் குடும்பங்களுக்கென்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் எத்தனை வீட்டுத் திண்ணையில் முறம் இருக்கிறது! அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், மத்திய தொழிலாளர் நல அமைச்சகத்தின் உதவித்தொகைக்குப் பிள்ளை விண்ணப்பிக்கலாம். தொழிற்படிப்புக்கு வருடம் 25,000 ரூபாய். அட்டை இருந்தும் அதை மருந்துக்கு மட்டும் பயன்படுத்துகிறவர்களே அதிகம். கட்டடத் தொழிலாளர் நல வாரியம் முதலான வாரியங்களில் பதிந்தவர்களின் பிள்ளைகளுக்கும் கல்வி உதவி உண்டு. தொகை சிறிது, ஆனால் பதிவைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும்.

காகிதமும் கணக்கும்

இவை எல்லாவற்றுக்கும் கேட்பது ஏறக்குறைய ஒரே காகிதங்கள்தான்: சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. இ-சேவை மையத்தில் பதிந்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகத் தாசில்தார் அலுவலகம் போய் வரும். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தபின் மாவட்டம் முழுக்க ஒரே நேரத்தில் விண்ணப்பங்கள் குவியும், அதனால் பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரலிலேயே போடுவது நல்லது.

வருமானச் சான்றில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ‘எல்லாருக்கும் போடுற மாதிரி போட்டிருக்கேன்’ என்று ஏதாவது எழுதித் தரும் இடைத்தரகரிடம் கொடுக்காதீர்கள். அதே சான்றுதான் நாளைக்கு வங்கிக்கும் போகப் போகிறது.

மாணவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு இரண்டாவது தலைவலி. ஆதாரைக் கணக்கில் சேர்த்திருப்பது மட்டும் போதாது; அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று என்.பி.சி.ஐ. என்ற தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தில் பதிந்திருக்க வேண்டும். பள்ளியில் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு ஒன்று, பிறகு போனில் திறந்த கணக்கு ஒன்று என்று இரண்டு இருந்தால், பணம் எங்கே போனது என்றே தெரியாமல் அலைவார்கள். கிளைக்குப் போய் ‘டி.பி.டி. எனேபிள் ஆகியிருக்கா’, அதாவது அரசுப் பணம் நேராக வரும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பயன்படுத்தாமல் உறைந்துபோன கணக்கு என்றால் கே.ஒய்.சி. கொடுத்து உயிர்ப்பித்துக்கொள்ளுங்கள்.

கடன் எப்படி வேலை செய்கிறது

இப்போது மீதித் தொகை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தைத்தான் அரசு வங்கிகள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. கடன் மாணவர் பெயரில். அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரர். 4 லட்சம் வரை எந்த ஈடும் கேட்கக் கூடாது, ஜாமீனும் தேவையில்லை, கையிலிருந்து பங்கும் போட வேண்டாம். 4 லட்சத்துக்கு மேல் போனால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நீங்கள் போட வேண்டும். உதவித்தொகையை அந்தப் பங்கில் கணக்குக் காட்டலாம். ஏழரை லட்சம் வரை மத்திய அரசின் கடன் உறுதி நிதி இருப்பதால் ஈடு இல்லாமல் கொடுக்க வழி இருக்கிறது. அதற்கு மேல்தான் வீட்டுப் பத்திரமும் மனைப் பட்டாவும். ஆக, ‘வூட்டை எழுதிக்கினு பூடுவாங்க’ என்ற பயத்துக்குப் பெரும்பாலான கலை, அறிவியல், இன்ஜினியரிங், நர்சிங் படிப்புகளில் இடமே இல்லை.

கல்விக் கட்டணம் மட்டுமல்ல. ஹாஸ்டல், தேர்வு, லேப், புத்தகம், படிப்புக்குத் தேவையான லேப்டாப் எல்லாம் கடனில் சேரும். கட்டணத் தொகை உங்கள் கைக்கு வராது. செமஸ்டருக்கு செமஸ்டர் அல்லது வருடத்துக்கு வருடம் கல்லூரிக் கணக்குக்கே போகும். இதில் ஒரு நன்மை. 4 லட்சம் சாங்ஷன் ஆனாலும், கொடுத்த தொகைக்குத்தான் வட்டி ஓடும்.

படிக்கும் காலம், அதன்பின் ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம். மொரட்டோரியம் என்பார்கள். தவணைதான் நிற்கிறது, வட்டி நிற்பதில்லை. முதல் காசோலை கல்லூரிக்குப் போன நாளிலிருந்து வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கல்விக்கடன் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் மனதில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை செய்கிறவரின் மகள், நான்கு வருட பி.இ. ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 1 லட்சம், மொத்தம் 4 லட்சம், வட்டி பத்து சதவீதம். மொரட்டோரியம் ஐந்து வருடம். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. இரண்டாவதுக்கு 40,000. மூன்றாவதுக்கு 30,000. நான்காவதுக்கு 20,000. ஆக 1,40,000. இந்தக் காலத்தில் தனிவட்டிதான். வட்டிக்கு வட்டி போடுவதில்லை. ஆனால் மொரட்டோரியம் முடிந்ததும் இந்த வட்டி அசலில் ஏறிவிடும். தவணை தொடங்கும்போது அவள் கடன் 4 லட்சம் இல்லை, 5,40,000. பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 7,136 ரூபாய். பதினைந்து வருடம் என்றால் சுமார் 5,803.

அப்பா தன் சம்பளத்திலிருந்து படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால்? முதல் வருடம் மாதம் சுமார் 833 ரூபாய். இரண்டாம் வருடம் 1,667. மூன்றாம் வருடம் 2,500. நான்காம், ஐந்தாம் வருடம் 3,333. கட்டிய மொத்தம் அதே 1,40,000. ஆனால் தவணை தொடங்கும்போது கடன் 4 லட்சத்திலேயே நிற்கும். பத்து வருடத் தவணை சுமார் 5,286. எல்லாம் கூட்டிப் பார்த்தால் சுமார் 82,000 ரூபாய் மிச்சம். இப்படி வட்டியை அவ்வப்போது கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கவும் செய்கின்றன. மாதம் 1,000 புதுமைப் பெண் பணம் வருகிறதே, முதல் வருட வட்டிக்கு அது ஒன்றே போதும். என் பார்வையில் அந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு இல்லை.

பதினைந்து வருடத் தவணை கண்ணுக்கு இதமாக இருக்கும். மொத்தம் கட்டும் தொகையைப் பாருங்கள்: பத்து வருடத்தில் சுமார் 8,56,000, பதினைந்து வருடத்தில் சுமார் 10,44,000. நீண்ட காலத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டு, வேலை கிடைத்து போனஸ் வந்தால் முன்கூட்டியே அடைப்பது புத்திசாலித்தனம். மாறும் வட்டியில் வாங்கிய கல்விக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது.

வட்டியை அரசு கட்டும் இடங்கள்

குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்போ தொழில்நுட்பப் படிப்போ படித்தால், மொரட்டோரியக் கால வட்டி முழுவதையும் மத்திய அரசு கட்டுகிறது, 10 லட்சக் கடன் வரை. மேலே சொன்ன பெண்ணுக்கு அந்த 1,40,000 மொத்தமும் மிச்சம். பி.ஏ., பி.எஸ்சி. போன்ற பொதுப் படிப்புகள் இதில் வராது. கல்லூரிக்குத் தரத்தை மதிப்பிடும் அமைப்புகளான நாக் அல்லது என்.பி.ஏ.யின் அங்கீகாரம் இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்க்க வேண்டும். மானியம் மொரட்டோரியத்தோடு சரி. அதற்குப் பிறகு வட்டி உங்களுடையது. நடுவில் படிப்பை விட்டால் மானியமும் போய்விடும், உடல்நலக் காரணம் தவிர.

நவம்பர் 2024-ல் பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தேசியத் தரவரிசையை வைத்து எடுத்த சுமார் 860 உயர்கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் கிடைத்தவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன். குடும்ப வருமானம் எட்டு லட்சம் வரை இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு மொரட்டோரியக் காலத்தில் மூன்று சதவீத வட்டி மானியம், வருடத்துக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு. வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ வாங்குகிறவர்களுக்கு அந்த மூன்று சதவீதம் கிடையாது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இந்தத் திட்டமே கிடையாது. பட்டியல் வருடா வருடம் மாறும். உங்கள் கல்லூரி இருக்கிறதா என்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத கல்லூரி என்றால் 2015-லிருந்து இருக்கும் பழைய வித்யா லக்ஷ்மி தளம், அல்லது நேராக வங்கிக் கிளை.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் குடும்பங்கள் டாம்கோ என்ற தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தையும் பார்க்க வேண்டும். சிறுபான்மையினருக்கு வங்கியைவிடக் குறைந்த வட்டியில் கல்விக்கடன் அங்கே உண்டு. மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விண்ணப்பம்.

கவனம் தேவைப்படும் இரண்டு இடங்கள்

முதலாவது, பெங்களூரு நர்சிங் காலேஜ். மே மாதத்தில் ஏஜென்ட்டுகள் வீடு தேடி வருவார்கள். ‘லோன் நாங்களே வாங்கித் தர்றோம்’ என்பார்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கையில் கொடுக்கும் முன், அந்தக் கல்லூரிக்கு அந்தந்த நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத கல்லூரிக்கு அரசு வங்கி கடன் கொடுக்காது. அப்போது ஏஜென்ட் காட்டுவது தனியார் நிதி நிறுவனத்தைத்தான். அங்கே வட்டி கூடுதல்; பல இடங்களில் படிக்கும்போதே தவணை தொடங்கிவிடும்; அரசு வட்டி மானியமும் இல்லை.

இரண்டாவது, நன்கொடை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் ரசீது இல்லாமல் கொடுக்கும் பணத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. ஒரு படிப்புக்கு எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: வரப்போகும் தவணை, அந்தப் படிப்பை முடித்தவர்கள் முதல் வேலையில் வாங்கும் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. மாதம் 20,000 சம்பளம் கிடைக்கும் படிப்புக்கு 5,000 தவணை வரை தாங்கலாம். சம்பளத்தை பிளேஸ்மென்ட் பேனரில் பார்க்காதீர்கள். உங்கள் தெருவில் அந்தக் கல்லூரியில் படித்து முடித்த அண்ணனிடமோ அக்காவிடமோ கேளுங்கள்.

வங்கியில் என்ன சொல்வார்கள்

அட்மிஷன் கடிதம் அல்லது கவுன்சிலிங் ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி தரும் போனஃபைடு (அங்கே படிக்கிறார் என்ற சான்று), நான்கு வருடத்துக்குமான ஃபீஸ் விவரம், மதிப்பெண் பட்டியல்கள், வருமானச் சான்று, ஆதார், பான். இவை இருந்தால் விண்ணப்பம் முழுமை. உள்நாட்டுப் படிப்புக் கடனுக்கு அந்த மாதிரித் திட்டத்தில் செயலாக்கக் கட்டணம் கிடையாது. கடனுக்குப் பாதுகாப்பாக மாணவர் பெயரில் சின்ன ஆயுள் காப்பீடு கேட்கலாம், அது நியாயம். வருடம் 25,000 கட்டச் சொல்லும் முதலீட்டுப் பாலிசியை நீட்டினால் மறுத்துவிடுங்கள்.

கூட்டுக் கடன்தாரரின் சிபில், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினாரா என்ற பதிவைப் பார்ப்பார்கள். அப்பாவுக்கு டூ வீலர் லோன் நின்றுபோயிருந்தால் அங்கே சிக்கும். மகளிர் குழுக் கடனை ஒழுங்காகக் கட்டி வந்த அம்மாவைக் கூட்டுக் கடன்தாரராகப் போடலாமா என்று கேளுங்கள். பல வீடுகளில் அதுதான் வழி திறக்கிறது.

கல்லூரி ஃபீஸ் கேட்கும் தேதி முன்னால் வரும், வங்கி பின்னால் வரும். அந்த இடைவெளியில்தான் மூன்று வட்டி நுழைகிறது. முதல் செமஸ்டருக்கு நீங்கள் கட்டிய பணத்தை ரசீது காட்டினால் கடனிலிருந்து திருப்பித் தருவார்களா என்று முதல் நாளே மேனேஜரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; பல வங்கிகள் தருகின்றன. அவசியம் என்றால் அந்த இரண்டு மாதத்துக்கு வங்கி நகைக்கடன் போதும், அடகுக் கடை வேண்டாம்.

வேலை கிடைக்கத் தாமதமானால் ஒளியாதீர்கள். தவணை தொடங்கும் முன்பே கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்தால் அவகாசம் நீட்டிக்க வழி உண்டு. 90 நாள் தவணை நின்றால் வாராக்கடன். அது மாணவர், பெற்றோர் இருவர் சிபிலிலும் ஏறும். பின்னாளில் வீட்டுக்கடன் கேட்கும்போது முன்னால் வந்து நிற்கும். ‘எலெக்ஷன் வருது, தள்ளுபடி பண்ணிடுவாங்க’ என்று கட்டாமல் விட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தேர்தல்கள் வந்து போய்விட்டன, அவர்களுடைய வட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு வருமான வரியில், கட்டும் வட்டி முழுவதற்கும் எட்டு வருடம் வரை கழிவு உண்டு. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும்.

‘எங்க ஏரியா இல்லப்பா’, ‘டார்கெட் முடிஞ்சிருச்சு’, ‘அடுத்த மாசம் வாங்க’ என்று வாய்வார்த்தையாகத் திருப்பி அனுப்பினால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். ஆன்லைனில் விண்ணப்பித்திருந்தால் அந்த எண்ணே சாட்சி. எழுத்தில் மறுக்க வேண்டும் என்றால் அவர்கள் காரணம் சொல்ல வேண்டும், அதுவும் கிளையைவிட மேல்நிலை அதிகாரியின் ஒப்புதலோடு. அந்தக் காகிதத்தோடு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வுக் கூட்டத்தில் மனு கொடுங்கள். 2019-ல் மாவட்டம் பிரிந்தபின் வாலாஜா, ஆற்காட்டுக்காரர்களுக்கு ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் திருப்பத்தூர். குடியாத்தம், காட்பாடி, அணைக்கட்டுக்காரர்களுக்கு வேலூர் சத்துவாச்சாரி. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.